நாழிகை வழி

அப்பாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எண்பது பக்க நோட்டு. அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் டீசல் கறை. முதல் பக்கத்தில் பச்சை மையில் ‘அருப்புக்கோட்டை – நாக்பூர்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே நாலு கட்டம் போட்டு, ஊர், மைல், மணி என்று மூன்று கட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். ‘மைல்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘கி.மீ.’ என்று திருத்தியிருக்கிறார். நாலாவது கட்டத்துக்குப் பெயரே இல்லை. விஷயமெல்லாம் அதில்தான். ‘தொப்பூர் – வரும்போது இறக்கம், கியரில் வா.’ ‘நிர்மல் – காட் ஏத்தம், ராத்திரி வேண்டாம்.’ ‘ஆதிலாபாத் – அடிபம்புத் தண்ணி, சமையல்.’ ‘ஹிங்கன்காட் – படுக்கை.’

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கணக்கு அடுப்படிச் சுவரில் இருந்தது. பால்காரருக்குக் கரிக்கோடு போடுகிற அதே சுவரில், அப்பா வண்டி ஏறிய நாளிலிருந்து ஒரு கோடு ஒரு நாள், ஒரு புள்ளி அரை நாள் என்று போட்டுக்கொண்டே வருவாள். நாலு கோடு விழுந்தால் வண்டி நாக்பூரில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். பத்து கோடு தாண்டினால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

எங்கள் ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில், மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் உளுந்தும் மல்லியும் விதைக்கிற பூமி. இங்கே யாரும் தூரத்தைத் தூரமாகச் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டதில்லை. பக்கத்துக் காடு ‘கூப்பிடு தூரம்’. அடுத்த ஊர் ‘ஒரு எட்டு’. சந்தைக்குப் போகிற ஊர் ‘வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேர்ற தூரம்’. சித்திரையில் காலை ஆறு மணிக்கு ரெண்டு மைல் நடப்பதும், உச்சிப்பொழுதில் அதே ரெண்டு மைல் நடப்பதும் ஒன்றல்ல. நிழல் எங்கே, தண்ணீர் எங்கே என்பதுதான் நடையைத் தீர்மானிக்கும். நடுவில் கண்மாய் வற்றிவிட்டால், பாதை ஒரு அடிகூட நீளாமலே ஊர் தள்ளிப்போய்விடும்.

இது ஏதோ படிக்காதவர்கள் பேச்சு என்று நினைத்திருந்தேன். பின்னால் வாசித்தபோதுதான், தமிழில் வழிக்கு இருந்த அளவே நேரம்தான் என்று தெரிந்தது. நாழிகை வழி என்று ஒரு அளவு உண்டு. ஒரு நாழிகை இருபத்து நாலு நிமிஷம். அந்த நேரத்தில் ஒரு ஆள் நடந்து கடக்கிற தூரம் ஒரு நாழிகை வழி. ஏறக்குறைய ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவு. ஏழு நாழிகை வழி சேர்ந்தால் ஒரு காதம், சுமார் பத்து மைல் என்று தென்னாட்டில் கணக்கு வைத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் இது கொஞ்சம் கூடும், குறையும். மேட்டுப் பாதையில் நாழிகை வழி சுருங்கும், சமதரையில் நீளும். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் இதைப் பார்த்துக் குழப்பம் என்று சலித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதில் குழப்பம் எதுவும் தெரியவில்லை. வழிப்போக்கனுக்கு வேண்டியது, எப்போது போய்ச் சேர்வோம் என்பது. அதை அந்த அளவு நேரே சொல்லிவிடுகிறது.

சுமைதாங்கிக் கல்லையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். நட்டுக்க நிற்கும் இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சுமையை அதில் தள்ளி வைத்து மூச்சு வாங்கலாம். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் பேரில் இதை நட்டுவைப்பது வழக்கம். இறக்காமலே போன சுமை வழியில் போகிறவர் தலையிலிருந்தாவது இறங்கட்டும் என்ற நினைப்பு. எங்கள் பக்கத்தில் ரோட்டை அகலப்படுத்தும்போது இவற்றைப் பிடுங்கி ஓரத்தில் போட்டுவிட்டார்கள். மைல்கல்லைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். மைல்கல் இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லும். இது நிற்கச் சொல்லும்.

1985-இல் அருப்புக்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுத நான் சேர்ந்தேன். முப்பத்து நாலு வருஷம் அந்த நாற்காலிதான். சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி வடக்கே போகும். திரும்பும்போது விருதுநகர்ப் பேட்டைக்குத் துவரையும் உளுந்தும் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வரும். “என்ன தாயி, வண்டி எங்க நிக்குது? எப்ப வரும்?” என்று முதலாளிமார் கேட்பார்கள். செல்போன் இல்லாத காலம். வண்டி எங்கே நிற்கிறது என்பதை நான் அப்பாவின் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை 50 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் ஏறத்தாழ 435. அங்கிருந்து அனந்தபூர், கர்நூல் வழியாக ஹைதராபாத் 570. அங்கிருந்து நிர்மல், ஆதிலாபாத், ஹிங்கன்காட் வழியாக நாக்பூர் 500. மொத்தம் சுமார் 1,550 கிலோமீட்டர். அப்போது மதுரைக்கு வடக்கே இந்த ரோட்டுக்கு ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். காசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது. 2010-இல் நம்பர் மாற்றியபோது மதுரை – நாக்பூர்ப் பகுதி ஸ்ரீநகர் – கன்னியாகுமரி நாற்பத்து நாலாம் நம்பருக்குள் போய்விட்டது.

லோடு ஏற்றிய வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், 1,550-க்கு 52 மணி நேரம். கல்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் இந்த 52-ஐத்தான் சொல்வார். அப்பாவின் நோட்டு 96 என்று சொல்கிறது. நாலு பகல், நாலு ராத்திரி. மிச்சம் 44 மணி நேரம் எங்கே போயிற்று என்று முதலாளிகள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

போன இடம் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாநில எல்லையிலும் செக்போஸ்ட் வரிசை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பகலில் லாரிக்கு ‘நோ என்ட்ரி’. அதனால் ராத்திரி பத்துக்கு மேலே ஊருக்குள் நுழைகிற மாதிரி பார்த்து, வெளியே நிழலில் ஓரங்கட்ட வேண்டும். தீப்பெட்டி லோடு என்றால் மழை மேகம் கண்டதும் படுதாவை அவிழ்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். நனைந்த தீப்பெட்டியை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு பஞ்சருக்கு ஒன்றரை மணி. ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க ஒரு மணி. கயிறு தளர்ந்திருக்கிறதா என்று நூறு கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றது. நெடுந்தூர வண்டி போன்றவற்றுக்குப் பத்து வரை போகலாம் என்று இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்வதற்கு முன்னால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டியிருந்தது. அப்பா இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஒரு நாள் தாமதமானதற்கு ஒரு வியாபாரி வாடகையில் பிடித்தம் செய்தார். அடுத்த டிரிப்பில் அப்பா ஹைதராபாத்தில் படுக்காமல் ஓட்டினார். நிர்மல் மலையேற்றத்தில் விடியக்காலம் கண் சொருகி, வண்டி ஓரக் கட்டையில் உரசி நின்றது. கிளீனர் பையன் அலறியதால் பிழைத்தார்கள். ‘ராத்திரி வேண்டாம்’ என்று நோட்டில் இருப்பது அதற்கப்புறம் எழுதியது. மை வேறு நிறமாக இருக்கும்.

முதலில் அந்த வியாபாரிக்குத் தேதி சொன்னவள் நான்தான். வியாழக்கிழமை காலை வந்துவிடும் என்று ஆபீஸில் உட்கார்ந்து சொன்னேன். மறுநாளிலிருந்து யார் கேட்டாலும் 96 மணிக்குக் குறைத்துச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். சில லோடு அதனால் வேறு ஆபீஸுக்குப் போனது. போகட்டும்.

ஆபீஸை விட்டு நின்ற 2019-இல், தம்பி மகன் ஓட்டுகிற வண்டியிலேயே நாக்பூர் வரை போனேன். மடியில் நோட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளை லாரி முன்சீட்டில் உட்கார்ந்து போவதை ஒவ்வொரு டோல்கேட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், தர்மபுரியில் அரை நாள் நிற்க வேண்டும் என்று.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டிய கல் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் அதியமான் பெருவழியைச் சேர்ந்த இரண்டு காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் நட்டவை என்கிறார்கள். நாவற்தாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று ஒன்றில் 29, மற்றொன்றில் 27. எழுத்தும் எண்ணும் வெட்டியதோடு நிற்கவில்லை. கீழே குழி குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்துக் காதம், சின்னக் குழி ஒன்று ஒரு காதம். எழுத்துத் தெரியாதவர், பார்வை மங்கியவர், இருட்டில் வருகிறவர் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். நான் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எங்கள் அடுப்படிச் சுவரில் அம்மா போட்ட கோடும் புள்ளியும் அப்படியே கண்ணில் வந்தன. அவளைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்துக் கல் வெட்டிய ஒருவர் எழுநூறு வருஷத்துக்கு முந்தி இந்த ரோட்டோரத்தில் இருந்திருக்கிறார்.

இந்தப் பரிவு பின்னால் வந்த கற்களிலும் கொஞ்ச காலம் நீடித்தது. மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் கிடைக்கிற பழைய மைல்கற்கள் சிலவற்றில் ரோமன் எண்ணுக்குப் பக்கத்தில் தமிழ் எண்ணும் இருக்கும். கம்பெனித் துரைக்கு ‘X’, நம் ஆளுக்கு ‘௰’. ரோட்டைப் பொறுத்தவரை எங்கள் பக்கத்தில் ராணி மங்கம்மாள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1689-இலிருந்து பதினைந்து வருஷம் போல மதுரையை ஆண்டவர். மரம் வைத்ததும் சத்திரம் கட்டியதும் ஊருக்கு ஊர் கதையாக நிற்கிறது. மதுரை ஜங்ஷனுக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. சத்திரத்துக்குச் சத்திரம் உள்ள இடைவெளி ஒரு பகல் நடை என்று வைத்துக்கொண்டால், அதுவும் நாழிகைக் கணக்குத்தான். பிற்பாடு 1956 சட்டத்தின்படி மெட்ரிக் அளவு வந்து, மைல்கல் எல்லாம் கிலோமீட்டர் கல் ஆயிற்று. அப்பா கிளீனராக இருந்தபோது கல் மாறியதைப் பார்த்தவர். “கல்ல மாத்திட்டாங்க, ரோடு அப்படியேதான் கெடக்கு” என்பார்.

வரைபடத்தை நம்பிக் கிளம்பியவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். வயது பதினாறு. அண்ணன் கல்லூரியில் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்த ஒரு பழைய அட்லஸைப் பார்த்தார். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று அது காட்டியது. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்து அந்த டிக்கெட்டை வாங்கினார். ஆனால் அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகவே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய அட்லஸில் அந்தக் கோடு இல்லை. ரயிலில் எதிரே இருந்த ஒரு மௌல்விதான் அதைச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கினார். கையில் இருந்த மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர், கீழூர். காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்தவர் பிறகு ஊர் திரும்பவே இல்லை. பக்தர்கள் இதை எப்படியும் படிக்கட்டும். ரோட்டுக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அந்த மௌல்விதான் மனதில் நிற்கிறார். வழியைச் சமீபத்தில் போய்வந்த ஆளின் ஒரு வார்த்தை, அச்சடித்த படத்தைத் திருத்திவிடுகிறது. அப்பா வண்டியில் ஒரு ரோடு அட்லஸ் இருந்தது. ஆனால் டாபாவில் எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கும் டிரைவரிடம் ‘அந்தப் பக்கம் எப்படி?’ என்று கேட்காமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார்.

ஆதிலாபாத்தைத் தாண்டிப் பெயின்கங்கா ஆற்றைக் கடந்ததும் மண் கறுக்கத் தொடங்கியது. பந்தர்கவடா, வட்கி, வர்தா ஆறு. இரு பக்கமும் பருத்திக் காடு. இறங்கிக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் கரிசல்தான். ஈரம் பட்டால் காலில் ஒட்டுகிற அதே மண், காய்ந்தால் வெடிக்கிற அதே வெடிப்பு. ஹிங்கன்காட் பருத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சு வியாபாரத்தில் பேர்போன ரகம். அப்பா ஏன் நாக்பூர் எண்பது கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையை அடக்கி, ‘படுக்கை’ என்று எழுதினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசி எண்பதில்தான் கண் சொருகும். அதுவும் போக, சொந்த ஊர் மண்ணில் படுத்த மாதிரி அவருக்கு இருந்திருக்கும்.

ஹிங்கன்காட்டில்தான் வில்லியம் லாம்ப்டன் அடக்கமாகியிருக்கிறார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கியவர். அந்த ஒரு கோட்டுக்கே இரண்டு மாதம் போலப் பிடித்தது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனார்கள். எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரை வந்தார்கள். அருப்புக்கோட்டை அந்த ரேகைக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருபது வருஷம் அளந்துகொண்டே வடக்கே போனவர், நாக்பூருக்குப் போகும் வழியில் 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார். அவர் அளந்த முறையில் பார்த்தால் அருப்புக்கோட்டைக்கும் நாக்பூருக்கும் நேர்கோட்டில் 1,300 கிலோமீட்டர்தான். பறவைக்கு அது போதும்.

நாக்பூரில் ஜீரோ மைல் தூணைப் பார்த்தேன். மணற்கல் தூண், பக்கத்தில் நாலு குதிரைச் சிலைகள். இந்தியாவின் நடு இதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். நில அளவைக்காரர்கள் நட்ட உயரக் குறி அது. தூணின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,020 அடி. பக்கங்களில் ஊர்களுக்கு மைல் பொறித்திருக்கிறது. ஹைதராபாத் 318. ஜபல்பூர் 170. சிவனி 79. நான் நோட்டைப் பிரித்து அப்பா எழுதியதைப் பார்த்தேன். ‘சிவனி – 6 மணி. மழையில் 9. குரை காட்டில் வண்டி கவிழ்ந்து கிடந்தால் கணக்கு இல்லை.’

குரை மலை ரோடு பென்ச் புலிக்காட்டின் ஓரமாகப் போகிறது. நாலு வழிச்சாலை போடும் வேலை காட்டுக்காக நீதிமன்றம் வரை போய்ப் பல வருஷம் நின்றது. கடைசியில் ரோட்டைத் தூக்கிக் கட்டி, கீழே விலங்குகள் போக வழிவிட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் அப்படி ஒன்பது. புலி அந்தப் பாலத்துக்கு அடியில் நடந்து போவதைக் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். சிவனிக்கு இப்போது தம்பி மகன் மூன்று மணியில் போய்விடுகிறான். ஜி.எஸ்.டி. வந்த 2017-க்குப் பிறகு மாநில எல்லை வரி செக்போஸ்ட் இல்லை. 2021-லிருந்து டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயம். அப்பாவின் 96 மணியில் முக்கால்வாசிக் காரணம் போய்விட்டது. தூக்கம் மட்டும் போகவில்லை. முந்தி டிரைவர் ரெண்டு பேர், கிளீனர் ஒருத்தன். இப்போது பெரும்பாலும் அவன் ஒருத்தனே.

போன மாசி மாதம் ஒரு ராத்திரி போன் செய்தான்.

“அத்தே, ஹிங்கன்காட் தாண்டப் போறேன். நாக்பூருக்கு ஒன்றரை மணி நேரம்னு போன் காட்டுது. விடியுமுன்ன எறக்கிட்டா ரிட்டர்ன் லோடு புடிச்சிரலாம்.”

“எப்பத்திலேர்ந்து ஓட்டுற?”

கொஞ்சம் யோசித்தான். “நிர்மல்ல டீ குடிச்சது.”

நான் நோட்டில் பார்த்தேன். நிர்மலிலிருந்து அங்கே இருநூறு. “வண்டிய ஓரங்கட்டுப்பா. பெட்ரோல் பங்க் பக்கமா வெளிச்சத்துல நிறுத்து. படு.”

“அத்தே, பார்ட்டி காலைல கேப்பாக.”

“பார்ட்டி நம்பர எனக்கு அனுப்பு. நான் பேசிக்கிறேன்.”

எஞ்சின் அணைகிற சத்தம் போனில் கேட்டது. கதவு திறந்தது. நாய் ஒன்று குரைத்தது. அப்பா விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நாலாவது கட்டத்தில் எழுதினேன்: ஹிங்கன்காட் – படுக்கை. ராத்திரி 1.20 முதல் 5.30.